மொதல்ல பாடு, பெறவு ஊது

எனக்கு மகரக்கட்டு வந்தது 1987 கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருக்கும்போது. அதுவரை எங்கள் சபைப் பாடகர் குழுவில் டிரபிள் வரிசையின் ஓரத்தில், பெண்பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிற கடைசிப் பையன் நான்தான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மேலே ‘ஸோ’வைத் தொடவேண்டிய இடத்தில் என் தொண்டையிலிருந்து ஒரு வாத்து கத்தியது. வரிசை முழுக்கச் சிரிப்பு. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. எல்லாரும் போன பிறகு ஆலயத்துப் பின்னறை அலமாரியைத் திறந்து, பழைய சேலைத் துணியில் சுற்றிய ஒரு மூட்டையை எடுத்து என் மடியில் வைத்தார். அவிழ்த்தால் உள்ளே ஒரு கார்னெட். டிரம்பெட்டுக்குக் குட்டைத் தம்பி மாதிரி இருக்கும். குழாயின் நீளம் இரண்டுக்கும் ஒன்றுதான், இதில் இன்னும் நெருக்கமாகச் சுருட்டி வைத்திருப்பார்கள்.

“தொண்டை ஒடஞ்சு கெடக்கப்போ பித்தளையப் பிடி மக்கா. ஒண்ணு ரெண்டு வருசத்துல தொண்டை திரும்பி வந்திரும். அதுவரைக்கும் இது பாடட்டு.”

மகரக்கட்டு என்ற சொல்லையே அன்றைக்குத்தான் கேட்டேன். எங்கள் ஒழுகினசேரிக்காரர் என்.எஸ்.கிருஷ்ணன் நாடகக் கம்பெனியில் சேர்ந்து மேலே வந்தவர் இல்லையா, அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனிகளில் பையன்களை நடுங்க வைத்த சொல் அது. நேற்றுவரை ராஜபார்ட் பாடியவனுக்குக் குரல் உடைந்தால் மறுநாள் முதல் திரை இழுக்கிற வேலை. குரல்வளை திடீரென்று வளர்கிறது, உள்ளே இருக்கும் நாண்கள் நீண்டு தடிக்கின்றன, பையன் பழைய அளவுக்கே காற்றைக் கொடுக்கிறான், கணக்கு தப்புகிறது. வேறொன்றுமில்லை. ஆனால் பதின்மூன்று வயதில் இதை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. எனக்குச் சொல்ல ஒரு ஆள் இருந்தார். அதோடு கையில் ஒரு வாத்தியத்தையும் கொடுத்தார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடுகிற கேரல் ரவுண்டில் எனக்குக் கிடைத்த வேலை பெட்ரோமாக்ஸ் சுமப்பது.

மாஸ்டர் வீடு திங்கள்சந்தையிலிருந்து நெய்யூர் போகிற வழியில், ஒரு குளத்தங்கரையில் இருந்தது. ஓட்டு வீடு, முன்னால் திண்ணை, திண்ணையில் ஒரு பெஞ்சு. செவ்வாயும் வெள்ளியும் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கே போவேன். கட்டணம் என்று அவர் வாயைத் திறந்ததில்லை. அப்பா வருஷத்துக்கு இரண்டு தடவை ஒரு நேந்திரன் குலையைத் தோளில் வைத்துக்கொண்டு போய் அந்தத் திண்ணையில் சாய்த்துவிட்டு வருவார். கணக்குத் தீர்ந்தது.

முதல் ஆறு வாரம் கார்னெட்டை நான் ஊதவே இல்லை. மவுத்பீஸை மட்டும் கழற்றித் தருவார். அதையும் உடனே வாயில் வைக்க விடமாட்டார். அவர் ஒரு ஸ்வரம் பாடுவார், நான் அதைத் திருப்பிப் பாட வேண்டும், அதுவும் அந்த உடைந்த தொண்டையில். பிறகு அதே ஸ்வரத்தை உதட்டை அதிரவிட்டு வண்டு மாதிரி மவுத்பீஸில் இரைய வேண்டும். அதற்கப்புறம்தான் வாத்தியம். நான் அவசரப்பட்டு வாயில் வைக்கும்போதெல்லாம் ஒரே வசனம்: “மொதல்ல பாடு, பெறவு ஊது.”

இது அவருடைய பிடிவாதம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பித்தளைக்குழாயின் இயல்பே அதைக் கேட்கிறது என்பது பிற்பாடுதான் புரிந்தது. கார்னெட்டில் பொத்தான்கள் மூன்றே மூன்று. ஒன்றையும் அமுக்காமல் வெறுமனே ஊதினாலே அந்தக் குழாய் ஒரு ஏணி நிறைய ஸ்வரங்களை வைத்திருக்கிறது: டோ, அதற்கு மேல் ஸோ, மேல் டோ, மீ, ஸோ என்று படிகள் போகின்றன, மேலே போகப்போக நெருங்குகின்றன. எந்தப் படியில் கால் வைப்பது என்பதை விரல் தீர்மானிக்காது. உதடும் மூச்சும்தான் தீர்மானிக்கும், அவற்றுக்கு உத்தரவு கொடுப்பது காது. ஸ்வரம் முதலில் மண்டைக்குள் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் ஊதினால் குழாய் தனக்குத் தோன்றிய படியில் போய் நிற்கும். ஒரு கல்யாண வீட்டு வாசலில் பேண்டு செட்டைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டுப் பாருங்கள், யார் கேட்டு ஊதுகிறார், யார் தேடி ஊதுகிறார் என்று இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

மூன்று பொத்தான்களின் வேலை குழாயை நீட்டுவது மட்டும்தான். இரண்டாவது அரை ஸ்வரம் இறக்கும், முதலாவது ஒரு ஸ்வரம், மூன்றாவது ஒன்றரை. இந்த வால்வு வருவதற்கு முன், அதாவது சுமார் 1815 வரைக்கும், எக்காளக்காரன் அந்த ஏணியை மட்டும் வைத்துக்கொண்டுதான் பிழைத்திருக்கிறான்.

மாஸ்டர் வாலிபத்தில் சால்வேஷன் ஆர்மி பேண்டில் ஊதியவர். நாகர்கோவிலில் கேதரின் பூத் ஆஸ்பத்திரியைத் தெரிந்தவர்களுக்கு இரட்சணிய சேனையைச் சொல்லி விளக்க வேண்டாம். சேனைக்கு ஆஸ்பத்திரி போலவே பேண்டும் அடையாளம். அந்தக் கதையை அவர் ரசித்துச் சொல்வார். 1878இல் இங்கிலாந்தின் சாலிஸ்பரி ஊரில் சேனைக்காரர்கள் தெருவில் நின்று பிரசங்கம் செய்தபோது ரவுடிகள் தொந்தரவு. காவலுக்கு வந்து நின்றவர் சார்லஸ் ஃப்ரை என்ற கட்டடக் காண்ட்ராக்டரும் அவருடைய மூன்று மகன்களும். வரும்போது சும்மா வராமல் வாத்தியங்களையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சேனையின் முதல் பேண்டு அதுதான். “அடிக்க வந்தவன் பாட்டு கேட்டு நின்னுட்டான் பாத்துக்கோ” என்று முடிப்பார். கடைசி வரி அவருடைய சொந்தச் சரக்காக இருக்கலாம்.

அந்த பேண்டு மரபில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. கார்னெட்டிலிருந்து பெரிய பேஸ் வரைக்கும் கிட்டத்தட்ட எல்லா வாத்தியத்துக்கும் மேல் குரலுக்கான குறியான ஒரே டிரபிள் கிளெஃபில்தான் எழுதுவார்கள், எழுதின ஸ்வரத்துக்கு ஒரே விரல்தான். அதனால் கார்னெட் படித்த பையனிடம் நாளைக்கு யூஃபோனியத்தைக் கொடுத்தால் விரலைப் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை. குழாய் இரண்டு மடங்கு நீளம், சத்தம் ஒரு ஸ்தாயி கீழே, உதட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். ஆள் குறைந்த பேண்டுக்கு இதைவிட உபகாரம் வேறென்ன? நான் பதினாறு வயதில் யூஃபோனியத்துக்கு மாறியது இப்படித்தான். யூஃபோனியக்காரருக்குத் துபாயில் வேலை கிடைத்தது.

அம்மா ஒரு திருவிழாவுக்கு முந்தின நாள் என் கார்னெட்டைப் புளி போட்டுச் சாம்பலால் விளக்கி, குத்துவிளக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தாள். பளபளவென்றுதான் இருந்தது. மேலே இருந்த வெள்ளிப் பூச்சில் பாதி கிணற்றடியில் போயிருந்தது. மாஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அம்மெக்க கையி நல்ல கையிதான்” என்றார், அவ்வளவே.

என் பங்குக்கு நான் செய்தது அதைவிட மோசம். வால்வுக்கு எண்ணெய் தீர்ந்துபோயிருந்தது. மாஸ்டர் தருவது தையல் மிஷின் எண்ணெய். அவரிடம் போய்க் கேட்கச் சோம்பல்பட்டு, வீட்டில் இருக்கிற தேங்காயெண்ணெயை விட்டேன். தேங்காய்க்குப் பேர்போன ஊரில் பிறந்தவனுக்குத் தோன்றுகிற புத்திதான். சாயங்காலம் வழுக்கிக்கொண்டு வேலை செய்தது. கேரல் ரவுண்டு இரவு முழுக்க நடந்து, விடியற்காலை நாலு மணிக்கு, மார்கழிப் பனியில் ஒரு டாக்டர் வீட்டு முற்றத்தில் நின்றபோது முதல் பொத்தான் கீழே போனது, மேலே வரவில்லை. வீட்டில் பாட்டில் உறைவது வாத்தியத்துக்குள் உறையாதா என்று யோசிக்கவில்லை. அந்தப் பாட்டு முழுவதையும் ஒரு ஸ்வரம் இறக்கி ஊதினேன், அதாவது நான் மட்டும். டாக்டர் வீட்டில் அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் கொடுத்தார்கள். நான் தலை நிமிராமல் தின்றேன்.

சொல்ஃபாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகக்கூடாது. மாஸ்டரிடம் ஐந்து கோட்டு நோட்டேஷன் பிற்பாடுதான். முதலில் நீள நோட்டில் அவர் கைப்பட எழுதிய எழுத்துகள்: டோ, ரே, மீக்கு ஒவ்வோர் எழுத்து, தாளத்துக்கு இரட்டைப் புள்ளியும் செங்குத்துக் கோடும், மேல் ஸ்தாயிக்குத் தலையில் ஒரு சின்னக் கீறல். நான்கு குரலுக்கும் நான்கு வரி. இதை நார்விச் ஊரில் சாரா குளோவர் என்ற ஆசிரியை தன் பள்ளிப் பிள்ளைகளுக்காக உண்டாக்க, 1840களில் அதை எடுத்துச் செப்பனிட்டுப் பரப்பியவர் ஜான் கர்வென் என்ற காங்கிரகேஷனல் போதகர். மயிலாடியில் 1809இல் ஆலயம் கட்டிய ரிங்கல்தௌபேயையும், 1818இல் நாகர்கோவிலுக்கு வந்த மீட் ஐயரையும் அனுப்பிய லண்டன் மிஷனும் பெரும்பாலும் அதே காங்கிரகேஷனல் சபையாரின் பணத்தில் நடந்ததுதான். ஓலையும் பனையும் மட்டும் தெரிந்த ஊர்களில் நான்கு குரல் பாட்டு எப்படி வேர் பிடித்தது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நீள நோட்டுதான் ஞாபகம் வரும். அச்சுக்கு வேண்டிய விசேஷ எழுத்து ஒன்றுமில்லை, பேனாவும் கோடு போட்ட காகிதமும் போதும். இன்னொன்று, சொல்ஃபாவின் டோ நகரும். எந்தச் சுருதியில் தொடங்கினாலும் அதுதான் டோ. நம்முடைய ஷட்ஜமும் அப்படித்தானே. பாட்டி வீட்டில் ச ரி க ம கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியமாகப் படவே இல்லை.

வகுப்பு நடக்கும்போது மாஸ்டரின் மனைவி அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருப்பார். எங்களுக்கு அத்தை. நாற்பது வருஷம் ஆல்ட்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடியவர். துருவுகிற சத்தம் நிற்கும், உள்ளேயிருந்து குரல் வரும்: “மீ தாழுது மோனே.” மறுபடி துருவல் சத்தம். அந்த வீட்டில் என்னை இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாழ்க்கையில் வேறெங்கும் அரைமணி நேரம் என்னை அப்படி யாரும் கேட்டதில்லை.

பிறகு வங்கி வேலை, இடமாற்றம், வேலூர், தர்மபுரி, மறுபடி வேலூர். யூஃபோனியம் ஆலயத்தின் சொத்து, அலமாரிக்குத் திரும்பிப் போய்விட்டது. 2014இல் நாகர்கோவிலுக்கு மாற்றலாகி வந்தபோது மகளுக்கு ஏழு வயது. அவளை பியானோ வகுப்பில் சேர்த்தோம்.

டீச்சர் வீட்டில் நிஜ பியானோ இருந்தது, செங்குத்தாக நிற்கிற வகை. குமரி மாவட்டத்தில் ஒரு பியானோவை உயிரோடு வைத்திருப்பது கறவை மாட்டை வளர்ப்பதைப் போன்றது. எங்களுக்கு ஜூன் மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, இடையில் கடற்காற்று. உள்ளே இருநூற்றுக்கும் மேற்பட்ட எஃகுக் கம்பிகள், எல்லாம் சேர்ந்து பதினைந்து இருபது டன் இழுவையில் நிற்பவை. உப்புக்காற்று பட்டால் துரு பிடிக்கும். ஈரத்தில் சுத்தியல்களின் கம்பளி ஊறும், கட்டைகள் உப்பி அமுக்கினது அமுங்கினபடியே நிற்கும். அதனால் டீச்சர் அடிப்பலகைக்குள்ளே ஒரு 40 வாட் குண்டு பல்பை மழைக்காலம் முழுக்க எரியவிட்டிருப்பார். எலிக்கும் பூச்சிக்கும் பாச்சா உருண்டை. ட்யூன் செய்கிறவரை வெளியூரிலிருந்து வரவழைத்து, சாப்பாடு போட்டு, பஸ் ஏற்றிவிடுவார். அவர் வந்துபோன வாரம் நாங்கள் எல்லாரும் கொஞ்சம் நன்றாக வாசிப்பதாகத் தோன்றும்.

எங்கள் வீட்டில் இருந்தது 61 கட்டைக் கீபோர்டு. முதல் நாளே டீச்சர் அதைக் கொண்டுவரச் சொல்லி, ‘டிரான்ஸ்போஸ்’ பொத்தானின் மேல் ஒரு பிளாஸ்திரியை ஒட்டினார். பக்கத்தில் ரிதம் பொத்தானுக்கும் ஒன்று. “இது ரெண்டையும் அஞ்சு வருஷத்துக்குத் தொடப்பிடாது.” காரணம் ஞாயிற்றுக்கிழமைகளில் தெரியும். பாட்டு எந்தச் சுருதியில் இருந்தாலும் பொத்தானைத் தட்டி எல்லாவற்றையும் வெள்ளைக் கட்டையிலேயே வாசித்துவிடுகிற கெட்டிக்காரர்கள் நம் சபைகளில் நிறைய. நான் குறை சொல்லவில்லை, பொத்தான் இருந்தால் யார்தான் அமுக்க மாட்டார்கள்? ஆனால் அவர்களை ஒரு நிஜ பியானோ முன்னால் உட்கார வைத்தால் ஓட்டம் தெரியாத ஊரில் பஸ் இறங்கினவர்கள் போல விழிப்பார்கள்.

ஆறு மாதம் வராந்தாவில் காத்திருந்து செய்தித்தாள் படித்த பிறகு, நானும் படிக்கிறேனே என்று டீச்சரிடம் கேட்டேன். வயது நாற்பது. டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நகத்த வெட்டிட்டு வாங்க சார்” என்றார்.

முதல் பாடத்திலேயே தகராறு. ஒரு கட்டையைத் தொட்டு, “இது என்ன சார்?”

“டோ.”

“எந்த டோ?”

எனக்குப் புரியவில்லை. டோ என்றால் டோதான். கார்னெட்டில் நான் ‘சி’ என்று படித்து ஊதியதெல்லாம் பியானோவில் ஒரு ஸ்வரம் கீழே இருக்கிற பி ஃப்ளாட். அந்தக் குழாய் அப்படிச் செய்யப்பட்டது. பத்து வருஷம் பேண்டிலேயே இருந்ததால் எனக்கு இது உறைத்ததே இல்லை, எல்லாரும் ஒரே பொய்யைச் சேர்ந்து சொன்னால் அது உண்மைதானே. இப்போது தாளில் ‘சி’யைப் பார்த்தால் காதில் ஒன்று கேட்கிறது, விரலில் வேறொன்று கேட்கிறது. பக்கத்து நாற்காலியில் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். பியானோ முதல் மாதத்தில் மரியாதையாக நடத்துகிறது. கட்டையைத் தொட்டால் ஸ்வரம் சரியாக வரும், பூனை நடந்தாலும் வரும். கார்னெட்டில் ஒரு உருப்படியான ஸ்வரத்துக்கு நான் ஆறு வாரம் பட்ட பாட்டை நினைத்துப் பொறாமையாக இருந்தது. பில் வருவது பிறகு. இடது கைக்கு ஒரு தாளம், வலது கைக்கு ஒன்று. கட்டைவிரலை மூன்றாம் விரலுக்கு அடியில் நுழைத்துக் கடக்க வேண்டும். பேங்கில் பணம் எண்ணிப் பழகின என் கட்டைவிரல் வேறு உத்தியோகம் பார்க்க மறுத்தது. பித்தளையும் குரலும் ஒரு நேரத்தில் ஒரு வரிதான், நான்கு வரிக்கு நான்கு ஆள் வேண்டும். பியானோக்காரன் ஒற்றை ஆளாக ஒரு சபை.

காது மட்டும் அங்கே சும்மா இருந்துவிடலாம். அதுதான் ஆபத்து.

மகள் ஏபிஆர்எஸ்எம் தேர்வில் மூன்றாம் கிரேடு எழுதியபோது இது வெளியே வந்தது. லண்டனில் 1889இல் தொடங்கிய அந்தத் தேர்வுமுறையில் மொத்தம் 150 மதிப்பெண். 100 எடுத்தால் தேர்ச்சி, 120க்கு மெரிட், 130க்கு டிஸ்டிங்ஷன். மூன்று உருப்படிக்குத் தலா 30. மீதி ஸ்கேல், பார்த்தவுடன் வாசிப்பது, அதோடு ‘ஆரல்’ என்ற கேள்விச் சோதனை. ஆரலுக்கு 18. அதில் ஒரு பகுதியில் தேர்வாளர் பியானோவில் சின்னச் சின்ன வரியாக வாசிப்பார், பிள்ளை அதை எதிரொலி போலப் பாட வேண்டும். பியானோ தேர்வுக்குப் போய்ப் பாடுவதா என்று என் மகள் வாயையே திறக்கவில்லை. மொத்தத்தில் 113 வந்து தப்பித்தாள். ஆரலில் 10.

மற்ற பெற்றோர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். “அது தேவையில்லாத ஐட்டம் சார்.” இப்போது அதில்லாமலும் எழுதலாம், 2020இலிருந்து வீடியோ எடுத்து அனுப்புகிற பெர்ஃபார்மன்ஸ் கிரேடு வந்திருக்கிறது. நான்கு உருப்படி வாசித்து அனுப்பினால் போதும், ஸ்கேல் இல்லை, ஆரல் இல்லை. தூரத்து ஊரிலிருந்து எழுதுகிற பிள்ளைகளுக்கு அது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் வருஷம் முழுக்க நான்கே உருப்படியைத் தேய்த்து, அடுத்த கிரேடு, அடுத்த நான்கு என்று எட்டு வரைக்கும் ஏறிவிட்டு, பிறந்தநாள் பாட்டைக் காதால் கேட்டு வாசிக்கத் தெரியாமல் நிற்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சான்றிதழ்களைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருப்பார்கள். மாஸ்டரிடம் அந்தப் பிள்ளைகளை அனுப்பியிருந்தால் ஆறு வாரம் வாத்தியத்தைத் தொட விட்டிருக்க மாட்டார்.

எனக்கே பாட்டு வகுப்புக்குப் போகும் எண்ணம் அப்போதுதான் வந்தது. என்னை வைத்தாவது மகள் வாயைத் திறக்கட்டும் என்று. மேற்கத்திய முறையில் குரல் பயிற்சி தருகிற ஒரு அம்மா வாரம் ஒரு நாள் நேரம் கொடுத்தார். பேண்டிலும் பாடகர் குழுவிலும் இருந்தவன் என்ற தெம்பில் போய் நின்றேன். நான்கு வரி பாடினதும் அவர் சொன்னது: “சார் பாடல்ல, கூப்பிடுறீங்க.” மல்லாந்து படுக்கச் சொல்லி வயிற்றின் மேல் தடித்த வேதாகமத்தை வைத்தார், மூச்சு எடுக்கும்போது அது ஏற வேண்டும், விடும்போது மெதுவாக இறங்க வேண்டும். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டுக் குமிழி வர முனக வேண்டும். குரல் நாண்கள் ஒன்றோடொன்று மோதாமல் இதமாக அதிர அது உதவும். வீட்டில் செய்தபோது மனைவி சர்பத் என்று நினைத்துக்கொண்டாள்.

குரல் வகுப்பின் சிரமமே வாத்தியம் கண்ணில் படாததுதான். விரலைப் பிடித்து வைக்க முடியாது, உதட்டைக் கண்ணாடியில் பார்ப்பது போலக் குரல்வளையைப் பார்க்க முடியாது. ‘தொண்டையைத் திற’, ‘கொட்டாவி விடப்போகிற மாதிரி’ என்று எல்லாம் உவமையில்தான் ஓட வேண்டும். அத்துடன் தமிழ் வேறு. மேற்கத்திய மெட்டுக்குத் தமிழ் வார்த்தையை ஏற்றிப் பாடும்போது வருகிற அவஸ்தையை அந்த அம்மாதான் எனக்குக் காட்டினார். ஆங்கிலத்தில் அழுத்தம், நம்மிடம் நெடில் குறில். மெட்டில் நீளமான ஸ்வரம் வருகிற இடத்தில் குறில் விழுந்தால் தொலைந்தது. நாங்கள் முப்பது பேர் சேர்ந்து ‘மரி’யை ‘மாரி’ ஆக்கிக்கொண்டிருந்தோம். ‘பலன்’ கேட்கப் போய்ப் ‘பாலன்’ கேட்டோம். ‘வந்து’, ‘கண்டு’ என்று முடிகிற சொற்களில் கடைசிக் குற்றியலுகரத்தை இழுத்து, உதட்டைக் குவித்து ‘வந்தூ’ என்று ஊளையிட்டோம். அவர் கொடுத்த வழி எளிது: குறிலில் சீக்கிரம் மெய்யெழுத்துக்குப் போய்விட வேண்டும், ம், ன், ல் இவையெல்லாம் பாடக்கூடிய மெய்கள், நீளத்தை அங்கே செலவழிக்கலாம். இதைச் சொல்லித்தர எந்த இத்தாலியப் புத்தகத்தாலும் ஆகாது.

அவர் வீட்டில் ஒரு தம்புரா இருந்தது. ஒருநாள் அதை மீட்டி, கண்ணை மூடிக் கேட்கச் சொன்னார். ச, ப, ச. கொஞ்ச நேரத்தில் யாரும் மீட்டாத ஒரு ஸ்வரம் மேலே மிதந்து வந்தது, அந்தர காந்தாரம். தந்தியின் அடிச்சுரத்தை ஒன்று என்று எண்ணினால் ஐந்தாவது சுரம் அது. எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஏனென்றால் இந்த ஆளை எனக்குத் தெரியும். கார்னெட்டில் பொத்தான் அமுக்காமல் ஊதும்போது வருகிற மேல் ‘மீ’ இவன்தான். குழாயின் அடிச்சுரத்தையும் சேர்த்து எண்ணினால் அதே ஐந்தாவது படி. பியானோவின் மீ இவனில்லை. பன்னிரண்டு கட்டைக்கும் இடைவெளியைச் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்ததில் அங்கே மீ கொஞ்சம் உயரத்தில் நிற்கிறது, அரை ஸ்வரத்தை நூறு பங்காக்கினால் அதில் பதினான்கு பங்கு. அத்தை அடுக்களையிலிருந்து “மீ தாழுது” என்றது ஏன் என்று எனக்கு முப்பது வருஷம் கழித்து விடை கிடைத்தது. ஆலயத்து ஆர்கனோடு நாற்பது வருஷம் பாடிய காது அத்தைக்கு. என் குழாய் அதன் இயல்புப்படி நின்றுகொண்டிருந்தது. இரண்டு பேரும் சரி.

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல். ரப்பரும் வாழையும் தென்னையும் முறிந்து கிடந்தன, மின்கம்பங்கள் சாய்ந்துபோய் ஊர் நாள்கணக்கில் இருட்டில் இருந்தது. கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை. அந்த டிசம்பரில் எங்கள் சபையில் கேரல் ரவுண்டு வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் பாட வேண்டும். கரண்ட் இல்லை, கீபோர்டு ஒரு பலகையாகக் கிடந்தது. பின்னறை அலமாரியை யாரோ திறந்தார்கள். அந்த யூஃபோனியத்தின் வால்வுகள் இறுகியிருந்தன, மண்ணெண்ணெய் விட்டு இளக்கி, பேஸ் வரியை நான் ஊதினேன். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சபை மெதுவாகப் பாடியது. கட்டை இல்லாததால் யாரும் எதையும் துரத்தவில்லை. மூன்றாவது சரணத்தில் நான்கு குரலும் ஒன்றன் மேல் ஒன்று பூட்டிக்கொண்டதை நெஞ்சுக்கூட்டில் உணர்ந்தேன். மீ தன் இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது.

மாஸ்டர் அன்றைக்கு வரவில்லை. அத்தை போன பிறகு அவர் ஆலயத்துக்கு வருவது குறைந்திருந்தது. அடுத்த வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். திண்ணை பெஞ்சு அப்படியே இருந்தது. முன்பற்கள் போய்ப் பல வருஷம் ஆகிறது. பித்தளைக்காரனுக்கு முன்பல் என்பது தவில்காரனுக்குக் கை. மவுத்பீஸ் சாய்ந்து நிற்கிற சுவர் அது, கட்டின பல் அந்தப் பாரத்தைத் தாங்காது. ஆனாலும் சட்டைப்பையில் அந்த மவுத்பீஸ் இருந்தது. துணியால் துடைத்து மகளிடம் கொடுத்து, பிறகு என்ன தோன்றியதோ திருப்பி வாங்கிக்கொண்டார்.

“பியானோ படிக்கியாமே? ஒரு வரி பாடு பாப்பம்.”

அவள் என்னைப் பார்த்தாள். அவர் காத்திருக்கவில்லை, கட்டின பல்லைக் கழற்றிப் பக்கத்திலிருந்த டம்ளரில் போட்டுவிட்டு, தானே தொடங்கினார். டோ, ரே, மீ வந்தது. நாலாவதில் மேல்பல் இல்லாத வாயில் ‘ஃபா’ வெறும் காற்றாகப் போனது. நிறுத்தினார். மறுபடி முயன்றார், மறுபடியும் காற்று. மகள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார்.

“தமிழனுக்கு ஃபா எதுக்குடே? ம இருக்கே.”

ச, ரி, க, ம. ‘ம’வில் உதடு மூடி முனகல் அப்படியே நின்றது. நல்ல கனத்த பேஸ், வயது அதைத் தொட்டிருக்கவில்லை. கையால் அவளை வா என்றார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, கேட்டும் கேளாமலும், ஒரு ஸ்தாயி மேலே அதே நாலு ஸ்வரத்தைப் பாடினாள்.

மாஸ்டர் காதைத் திருப்பி அவள் பக்கம் சாய்ந்தார்.

“இன்னொருக்க.”